மீன் வாங்கிப்போன கண்டம்

பண்ணுருட்டிக்குப் பக்கத்தில், அண்ணாகிராமத்தில் என் தங்கை வீடு இருக்கிறது. பலாப்பழக் காலத்தில் நான் அங்கே தலைகாட்டாமல் இருந்தால், ஏதோ மனஸ்தாபம் என்று உறவில் பேச்சுக் கிளம்பிவிடும். ஆகவே சென்ற கோடையிலும் போனேன். புது வீடு. கிரகப்பிரவேசம் ஆகி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. கூடத்தில், வாசற்படியைத் தாண்டியதும் கண்ணில் படுகிற இடத்தில், இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று ஜகஜ்ஜோதியாக விளக்கு ஏற்றிக்கொண்டு நின்றது. உள்ளே நீல நிறக் கூழாங்கற்கள். ஒரு பிளாஸ்டிக் செடி. வாயைத் திறந்து திறந்து குமிழி விடும் ஒரு சிப்பிப் பொம்மை. இத்தனை அலங்காரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கறுப்பு மீன்.

"ஒற்றை மீனுக்கா இவ்வளவு பெரிய மாளிகை?" என்று கேட்டேன்.

தங்கை பதில் சொல்லவில்லை. அவளுடைய மாமியார் சொன்னார்: "ஒம்போது இருந்துதுப்பா. எட்டு தங்க மீனு, ஒண்ணு கறுப்பு. அந்தக் கணக்குலதான் வைக்கணும்னு வாஸ்து பாக்கறவரு சொன்னாரு. எட்டும் போயிட்டுது. வீட்டுக்கு வர இருந்த கண்டத்தெ அதுங்க வாங்கிக்கிட்டுப் போயிட்டுது. ஒரு வகையில நல்லதுதான்."

பிறகு ஒவ்வொரு மீனும் எந்தக் கண்டத்தை வாங்கிக்கொண்டு போயிற்று என்பதையும் விவரமாகச் சொன்னார். முதல் மீன் செத்த வாரத்தில் என் மைத்துனர் வண்டியிலிருந்து விழுந்து, முழங்கையில் சிராய்ப்போடு தப்பினார். இரண்டாவது மீன் மிதந்த அன்று சமையலறையில் காஸ் குழாய் கசிந்ததைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது மீனுக்கு உடனே கணக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பத்து நாள் கழித்துத் தோப்புத் தகராறு ஒன்று சமரசமாக முடிந்ததும் அதை அந்த மீனின் பெயரில் வரவு வைத்துக்கொண்டார்கள். ஒரு குடும்பத்தில் எந்த இரண்டு மாதத்தில்தான் எட்டு சங்கடங்கள் வந்து விலகாமல் இருக்கின்றன?

இதையெல்லாம் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், நான்காவது படிக்கும் என் மருமகள். அவள் கேட்டாள்: "ஆயா, கண்டத்தை வாங்கறதுக்குத்தானே கறுப்பு மீன் வாங்கினோம்? அது மட்டும் ஏன் சாவலே?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. "போய் வீட்டுப்பாடம் எழுது" என்றார் என் மைத்துனர். கோடை விடுமுறையில் ஏது வீட்டுப்பாடம்?

ஒரு குழந்தை கேட்ட நியாயமான கேள்விக்கு, படித்த பெரியவர்கள் நால்வர் இருந்த கூடத்தில் பதில் இல்லாமல் போயிற்று. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். கூடவே ஒரு சண்டையும் போடப்போகிறேன். சண்டை அந்த அம்மாளோடு இல்லை. "நல்லதுதான்" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையோடு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் கொள்ளும். தங்க மீன் நிறையத் தின்னும்; தின்றதற்கு ஏற்றபடி கழிக்கும். இரண்டு மீனுக்கே நெருக்கடியான அந்த இடத்தில் ஒன்பது மீன்களை ஒரே நாளில் விட்டிருக்கிறார்கள். மீன் தன் உடம்புக் கழிவில் பெரும் பகுதியை அமோனியாவாக, செவுள் வழியாகவே தண்ணீரில் விடுகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீனியிலிருந்தும் அதுவேதான் பிறக்கிறது. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. அந்த அளவில் வாசனையும் தெரியாது. தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். மீன் மட்டும் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

ஆற்றிலும் குளத்திலும் இந்த விஷம் தங்குவதில்லை. சேற்றிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் கொஞ்சம் சாது. பாசியும் செடியும் அதை உண்டுவிடும். இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டை ஒட்டி விநோகிராத்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி பிரித்துக் காட்டினார். இரண்டு வேலையையும் ஒன்றே செய்யக்கூடிய வகையும் உண்டு என்று 2015-இல் தெரியவந்தது. அது கிடைத்த இடங்களில் ஒன்று, மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டி என்பது நம் கதைக்குப் பொருத்தமான செய்தி.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அங்கே தோட்டி வராத தெருவின் நிலைமைதான். என் தங்கை வீட்டில் அவற்றைக் குடியேறவே விடவில்லை. மீன் செத்தால் தீட்டு அல்லவா? ஒவ்வொரு தடவையும் தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டி, கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வடிகட்டிப் பஞ்சைப் பிளீச்சிங் பவுடர் வாடை வீசும் குழாய்த் தண்ணீரில் கசக்கிப் பிழிந்திருக்கிறார்கள். குடிவந்த நாலு உயிர்களையும் விரட்டிவிட்டு, குளோரின் போகாத புதுத் தண்ணீரை ஊற்றி, மிச்ச மீன்களைத் திரும்ப விட்டிருக்கிறார்கள். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பெண்மணிகள் கையில் அந்த மீன்கள் சுத்தத்தாலேயே செத்தன. கறுப்பு மீன் பிழைத்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். உடம்பு வலு ஒன்று. எட்டுப் பேர் போன பிறகு 50 லிட்டரும் அதற்கே கிடைத்தது மற்றொன்று. அது கண்டத்தை வாங்க மறுத்துவிட்டது என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

நிற்க. நான் மறுநாள் கடலூருக்குப் போய், ஒரு கடையில் தண்ணீர் சோதிக்கும் சின்னச் சீசாக்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அமோனியாவுக்கு இரண்டு சீசா, பி.எச். பார்க்க ஒன்று, நைட்ரைட்டுக்கு ஒன்று. விலையைச் சொன்னதும் மைத்துனர் சிரித்தார். "இந்த விலைக்கு இன்னும் ஒரு டஜன் மீன் வாங்கலாமே, மச்சான்?"

இந்தக் கேள்வியில்தான் நம் மத்தியதர வர்க்கத்தின் பொருளாதாரம் முழுவதும் இருக்கிறது. செத்தால் வேறு வாங்கலாம் என்கிற பொருளுக்கு ஏன் செத்தது என்று கேட்பது வீண் செலவு. மீனின் விலையையும் சோதனையின் விலையையும் தராசில் வைத்தால் சோதனை தோற்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தராசில் ஏறாத ஒன்று இருக்கிறது. தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண், உயிர் போவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை என்று எட்டு தடவை பாடம் படித்திருக்கிறாள். அந்தப் பாடத்துக்கு யார் விலை போடுவது?

சோதனையை அவள் கையாலேயே செய்ய வைத்தேன். சோதனைக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர். முதல் சீசாவிலிருந்து சொட்டுகள். இரண்டாவது சீசாவிலிருந்து சொட்டுகள். மூடிக் குலுக்கி ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அமோனியா இல்லாவிட்டால் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். இருந்தால் பச்சையாகும், எவ்வளவு அதிகமோ அவ்வளவு கரும்பச்சை. ஒரே ஒரு மீன் நீந்தும் அந்தத் தொட்டியின் தண்ணீர், வாழை இலை நிறத்துக்கு வந்து நின்றது. அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 4 மில்லிகிராம். இருக்க வேண்டியது பூஜ்யம்.

பி.எச். 8 காட்டியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அமோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கிறது. ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. மற்றது செவுளைப் பொசுக்குவது. தண்ணீர் காரமாகவும் சூடாகவும் ஆக ஆக, முதல் வேஷம் கலைந்து இரண்டாவது வெளிப்படும். நம் கோடையில் 28 டிகிரித் தண்ணீரில், பி.எச். 7-ஆக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வேஷத்தில் இராது. பி.எச். 8 ஆனால் அது ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதே 4 மில்லிகிராம் ஒரு வீட்டில் மீனை விட்டுவைக்கும்; அடுத்த வீட்டில் கொன்றுவிடும். அடுத்த வீட்டுக்காரர் அதற்குத் திருஷ்டி என்று பெயர் வைப்பார்.

பச்சை நிறத்தை எல்லோரும் பார்த்தார்கள். மாமியார் அம்மாள் மட்டும், "மருந்தை ஊத்தினா நிறம் மாறத்தான் செய்யும். அதுல என்ன இருக்குது?" என்றார். நல்ல கேள்வி. நம் நாட்டுப் பட்டதாரிகளில் பலருக்குத் தோன்றாத கேள்வி. எந்தச் சோதனையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். மருந்து எதைக் கண்டு நிறம் மாறுகிறது? அது இல்லாத தண்ணீரில் ஊற்றினாலும் மாறுமா? வெந்நீர் வைத்து ஆற்றி வைத்திருந்த பானைத் தண்ணீரில் அதே சொட்டுகளைவிட்டுக் காட்டினேன். மஞ்சளாகவே நின்றது.

"அத்தை, ஆரத்திக்கு மஞ்சள் கரைத்து அதில் சுண்ணாம்பு போட்டால் ஏன் சிவக்கிறது?" என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு சேர்ந்தா சிவக்கும்."

"வெறும் மாவைப் போட்டால்?"

"மாவுக்கு எங்கேருந்து சிவக்கும்?"

அவ்வளவுதான். ஐம்பது வருஷமாக அந்த அம்மாள் தண்ணீர் காரமா என்று மஞ்சளை வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார். பி.எச். என்ற அளவை 1909-இல் கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் சோரென்சென் என்பவர் வகுத்தார். நம் வீட்டு ஆரத்தித் தட்டு அதைவிடப் பழையது. எண் போடத்தான் அதற்குத் தெரியாது. அதே 1909-இல்தான் சென்னைக் கடற்கரையில் நம் தேசத்தின் முதல் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. காட்சிசாலை இன்று இல்லை. அங்கே வேடிக்கை பார்த்த பழக்கம் மட்டும் நம் கூடங்களில் வந்து உட்கார்ந்துகொண்டது. கோபன்ஹேகன் சரக்கு உடன் வரவில்லை.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவதைக் கேட்காமல் நான் தீர்ப்பு எழுதவில்லை. "அந்தக் காலத்தில் கிணற்றில் கெண்டை விட்டார்களே, கொசுப்புழு தின்ன கப்பி மீன் விட்டார்களே, யார் சீசாவும் சொட்டுமாக நின்றார்கள்?" என்று கேட்கிறார்கள். கிணற்றுக்கு ஊற்று உண்டு; சேறு உண்டு; சுவரில் பாசி உண்டு; ஆயிரக்கணக்கான லிட்டருக்கு நாலு மீன். நுண்ணுயிர்களும் பாசியும் அங்கே சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தன. நாம் அந்த உத்தியோகஸ்தர்கள் அத்தனை பேரையும் நீக்கிவிட்டு, பிளாஸ்டிக் செடியும் குமிழி விடும் சிப்பியும் வைத்திருக்கிறோம். ஆகவே அவர்கள் பார்த்த வேலையை நாம் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது என்றால் மீன் வளர்க்காமல் இருக்கலாம். சுவரில் படம் மாட்டிக்கொள்ளலாம். படத்து மீன் எந்த வாஸ்துவுக்கும் சாகாது.

"தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்பது அடுத்த வாதம். தெளிவு என்கிற இந்த மோகம் நமக்குப் பழையது. கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைத்த ஊர் நம்முடையது. அருமையான கைவேலை, மறுக்கவில்லை. ஆனால் கொட்டை மண்ணை அடக்கும், கரைந்ததை அடக்காது. தர்மபுரிப் பக்கத்தில் பல கிராமங்களில் கிணற்று நீரில் புளோரைடு இருந்தது. பார்க்கத் தெளிவு, ருசியில் பழுதில்லை. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்பேறியது. பெரியவர்களுக்கு எலும்பு முறுக்கியது. கண்ணால் பார்த்து இது நல்ல தண்ணீர் என்று அத்தாட்சி கொடுக்கிற உத்தியோகத்திலிருந்து கண்ணை ஓய்வுபெறச் செய்யும் காலம் எப்போதோ வந்துவிட்டது.

படித்தவர்கள் வேறு ஒரு வகை. திருஷ்டி என்றால் சிரிப்பார்கள். ஆனால் பேனா அளவில் ஒரு மின்சாரக் கருவியைத் தண்ணீரில் முக்கி, டி.டி.எஸ். இவ்வளவு என்று எண் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தண்ணீரில் கரைந்த உப்புகள் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று, மின்சாரம் பாய்வதை வைத்து அது மதிப்பிடுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. 300 என்று காட்டினால் அதில் 4 அமோனியாவா என்று சொல்லாது. இளநீரில் முக்கினால் அது காட்டுகிற எண்ணைப் பார்த்து யாரும் இளநீரைக் கீழே கொட்டமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. சுத்திகரிப்பு யந்திரம் விற்க வீடு தேடி வருகிற ஆசாமி, உங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு தம்ளர், தன் யந்திரத் தண்ணீரில் ஒரு தம்ளர் வைத்து, இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் விடுவார். யந்திரத் தண்ணீர் அப்படியே இருக்கும். உங்கள் தண்ணீரில் துருப்பிடித்த குழம்பு திரண்டு வரும். "இதைத்தான் சார், உங்கள் குழந்தைகள் குடிக்கிறார்கள்!" என்பார். உள்ளபடி அந்தக் குழம்பு கம்பியிலிருந்து வந்தது. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்ந்து இரும்பு கரைகிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாய்வதில்லை, ஆகவே கரையவில்லை. மாமியார் அம்மாள் கேட்ட அதே கேள்வியை, "மருந்து எதைக் கண்டு மாறுகிறது?" என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் மூட்டை கட்டியிருப்பார். நாம் கேட்கவில்லை; தவணை முறையில் பணம் கட்டினோம். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. யந்திரங்களைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிடும் அளவுக்கு அந்த மோகம் முற்றிப்போயிற்று. எந்திரம் தட்டினால் தாயத்து சோதனையாகிவிடாது.

என் கட்சிக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. சீசா வாங்கியவர்களில் சிலருக்கு எண் பைத்தியம் பிடித்துவிடுகிறது. காலையில் பி.எச். 8, உடனே ஏதோ அமிலத்தைச் சொட்டி 7-க்கு இறக்குவார்கள். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் மாலைக்குள் பழையபடி ஏறும், மறுபடி அமிலம். பி.எச்.-இல் ஓர் எண் என்பது பத்து மடங்கு. மீனுக்கு நிலையான 8 பழகிப்போகும். ஏறி இறங்கும் 7 கொன்றுவிடும். வியாதியஸ்தன் பக்கத்தில் உட்கார்ந்து ஜுரமானியைத் திருத்திக்கொண்டிருக்கும் வைத்தியம் இது. பச்சை நிறம் வந்தால் செய்ய வேண்டியது மிகச் சாதாரணம். தீனியைக் குறை. கால் பங்கு தண்ணீரை மாற்று. ஊற்றுகிற தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்று. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசு. பிறகு காத்திரு. இதில் கடினமானது கடைசி வார்த்தை ஒன்றுதான்.

சட்டம் வந்து இதைச் செய்யட்டும் என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன் தொட்டிக் கடைகளுக்கு மத்திய அரசு 2017-இல் விதிகள் வெளியிட்டது. வியாபாரிகள் ஆட்சேபித்தார்கள்; விதிகள் திரும்பப் பெறப்பட்டன. சென்னைக் கொளத்தூரைச் சுற்றி வண்ணமீன் தொழிலால் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். அவர்கள் கவலை நியாயமானதே. அந்தத் தொழிலாளர்களில் தேர்ந்தவர்கள் தண்ணீரைப் படித்துத்தான் பிழைக்கிறார்கள். நம் ஜில்லாவிலேயே, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையத்தில், பவளப் பாறைகளில் வாழும் கோமாளி மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். கழிமுகத் தண்ணீரைக்கொண்டே செய்தார்கள். தண்ணீரை நாள்தோறும் அளக்காமல் அது நடக்காது. அண்ணாகிராமத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் பஸ்ஸில் போகிற தூரம்தான். விதி எழுதினாலும் அது கடை வாசலோடு நின்றுவிடும். நம் கூடத்துத் தொட்டிக்கு இன்ஸ்பெக்டர் நாம்தான்.

இனி, "ஒரு மீனுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கிறவர்களுக்கு வருகிறேன். நைட்ரைட் மீனை எப்படிக் கொல்கிறது தெரியுமா? இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளைப் பிடித்துக்கொண்டு அதைச் சுமக்கவிடாமல் செய்கிறது. செவுள் பழுப்பாகிவிடும். தண்ணீரில் பிராணவாயு நிறைய இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். இதே சங்கதி 1945-இல் அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் கைக்குழந்தைகளிடம் தெரியவந்தது. பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாய்ந்தன. கிணற்றில் இருந்த நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறியிருந்தது. நம் நாட்டுக் குடிநீர் அளவுகோலில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கிறது. உரம் போடும் வயல்களுக்கு நடுவில், கழிவுக் குழிகளுக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கும் நமக்கு, மீன் தொட்டிச் சீசாவில் உள்ள விஷயம் அந்நியமானதா?

கடலூர்க்காரர்களிடம் நான் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்கள் அடங்கிய வட்டாரத்தில், நாற்றத்தோடும் மூச்சுத்திணறலோடும் ஜனங்கள் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2004-இல் அந்தக் கிராமத்து ஜனங்களே வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். என்ன நாறுகிறது, எப்போது நாறுகிறது என்று குறித்து வைத்தார்கள். நாற்றம் என்பது அதுவரை புகார். அதற்குப் பிறகு அது எண்ணும் பெயரும் உள்ள சாட்சியம். விதி என்றோ, வேலை கொடுக்கிற கம்பெனி என்றோ சும்மா இருந்திருந்தால் அந்தச் சாட்சியம் பிறந்திருக்காது.

ஆகவேதான் "நல்லதுதான்" என்ற வார்த்தையோடு எனக்குச் சண்டை. மீன் கண்டத்தை வாங்கிக்கொண்டு போயிற்று என்று சொல்வது பார்வைக்குப் பக்திபோல் இருக்கிறது. உண்மையில் அது நம் பொறுப்பை மீனின் தலையில் கட்டி அனுப்புகிற தந்திரம். செத்ததும் அது, குற்றத்தைச் சுமந்ததும் அது, நமக்கு லாபம். இப்படி ஒரு சௌகரியமான கணக்குப் புத்தகத்தில் எந்த நஷ்டமும் பதிவாகாது. நஷ்டம் பதிவாகாத வீட்டில் யாரும் எதையும் திருத்தமாட்டார்கள். மீனுக்குச் சொல்கிற இந்தச் சமாதானத்தை நாளைக்கு ஆற்றுக்குச் சொல்வோம்; நாளன்றைக்கு மனிதனுக்கும் சொல்வோம். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தெய்வ நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. சூலை நோயில் துடித்த நாவுக்கரசருக்குத் திருவதிகையில் நோய் தீர்ந்தது என்று நம்பும் ஊர்க்காரர்கள்தாம் நாங்களும். ஆனால் கோயில் குளத்தில் மீன் செத்து மிதந்தால் "சுவாமி வாங்கிக்கொண்டார்" என்று எந்த அர்ச்சகரும் சொல்லிக் கேட்டதில்லை. குளத்தைப் பார்க்கத்தான் ஆள் வருகிறது.

ஊருக்குத் திரும்பு முன் ஓர் ஏற்பாடு செய்தேன். கூடத்தில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் அதில் இருக்கின்றன. சோதனை செய்கிற அன்று அந்தத் தாளிலேயே ஓரத்தில் அமோனியா எண்ணையும் எழுதி, தாளைக் கிழித்து எறியாமல் கம்பியில் குத்தி வைக்கும்படி மருமகளிடம் சொன்னேன். புது மீன் வாங்குவதில்லை என்று அவள் தகப்பனாரிடமும் வாக்கு வாங்கினேன்.

முதல் வாரம் பச்சை. இரண்டாவது வாரமும் பச்சை. கொஞ்சம் வெளிறிய பச்சை. பிறகு அமோனியா இறங்க, நைட்ரைட் ஏறியது. ஆறாவது வாரம் டெலிபோனில் கூப்பிட்டாள். "மாமா, இன்னிக்கு ரெண்டும் பூஜ்யம். கறுப்பு மீன் நல்லா இருக்குது." பின்னால் யாரோ பேசுவது கேட்டது. "ஆயா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

மாமியார் அம்மாள் டெலிபோனை வாங்கினார். "ஏம்ப்பா, மீனு குடிக்கற தண்ணிய வாரா வாரம் சோதிக்கறோம். நாம குடிக்கற போர் தண்ணிய என்னைக்காவது யாராச்சும் சோதிச்சுப் பாத்தாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை பக்கம் உபதேசம் எழுதுகிற நான், என் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒருநாளும் சோதித்ததில்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாவில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அண்ணாகிராமத்துக்குப் போகிறேன். சுத்தமாகக் கழுவிக் காயவைத்த இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டு போகிறேன். ஒன்று அவர்கள் வீட்டுக்கு. ஒன்று என் வீட்டுக்கு. அன்றைக்குக் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அது கழிந்த பிறகு புறப்படலாம் என்று மாமியார் அம்மாள் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.